வாசகர் கேள்வி பதில்: படிப்பு முடியும்போது கையில் என்ன இருக்கும்?

இந்த மாதக் கடிதக் கட்டில் பாதிக்கு மேல் படிப்பு, வேலை, ‘பிள்ளையை எங்கே சேர்ப்பது’ என்பதுதான். சிங்கப்பூரில் என்-லெவல் (உயர்நிலைப்பள்ளி வழக்கநிலைத் தேர்வு) முடிவு வரும் காலம், ஆச்சரியமில்லை. ஒரே மாதிரி கேட்டவர்களைச் சேர்த்துவிட்டேன், நீளக் கடிதங்களைச் சுருக்கிவிட்டேன், கோவிக்க வேண்டாம்.

கேள்வி: என் மகன் வழக்கநிலை தொழில்நுட்பப் பிரிவில் படித்து என்-லெவல் முடித்துவிட்டான். ஐடிஇயில் (தொழில்நுட்பக் கல்விக்கழகம்) மின்துறைப் படிப்பில் சேர வேண்டும் என்பது அவன் ஆசை. வீட்டில் மின்விசிறி மாட்டுவது, சாக்கெட் கழற்றிப் பார்ப்பது என்று சின்ன வயதிலிருந்தே அதே வேலை. என் நாத்தனார், “ஐடிஇக்கு அனுப்பினால் நாளைக்குக் கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் என்ன போடுவாய்?” என்று கேட்கிறார். கடன் வாங்கியாவது தனியார் கல்லூரியில் வணிக டிப்ளோமாவில் சேர்த்துவிடலாம் என்கிறார் என் கணவர். என்ன செய்வது? — ஒரு தாய், யீஷூன்

பதில்: அம்மா, நாத்தனாரிடமிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் முழுக் கடிதத்தில் மகனைப் பற்றி இருப்பதைவிட அவரைப் பற்றித்தான் அதிகம் இருக்கிறது. அவர் நினைப்பு ஆகாயத்திலிருந்து குதித்ததல்ல. 1979இல் அமைந்த பழைய தொழிற்பயிற்சி வாரியத்தின் காலத்தில், தொடக்கப்பள்ளியோடு படிப்பு நின்றுபோன பிள்ளைகளும் அங்கேதான் போனார்கள். படிப்பு ஏறாதவன் போகிற இடம் என்ற பேச்சு அப்போது நம் வீடுகளுக்குள் வந்து உட்கார்ந்தது, இன்னும் எழுந்து போகவில்லை. 1992இல் அந்த வாரியத்தை மாற்றித்தான் ஐடிஇ வந்தது, உயர்நிலைப்பள்ளி முடித்தவர்களுக்கான கல்விக்கழகமாக. அப்புறமும் ஐடிஇ என்ற மூன்றெழுத்துக்கு ‘இதோடு எல்லாம் முடிந்தது’ என்று ஆங்கிலத்தில் விரிவு சொல்லிக் கேலி செய்தார்கள், அதைக் கேட்டுக்கொண்டே படித்து முடித்த ஒரு தலைமுறை நம்மிடையே இருக்கிறது. இன்றைக்கு சிமெய், சுவா சூ காங், அங் மோ கியோ என்று மூன்று பெரிய வளாகங்கள், முதலாவது 2005இலும் கடைசியாக வந்தது 2013இலும் திறந்தவை. 2007இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் வழியாக அரசாங்கச் சேவையை மாற்றியமைத்ததற்கான உலக விருது கொடுத்தபோது அது போய்ச் சேர்ந்தது நம்முடைய இந்த ஐடிஇக்குத்தான். நாத்தனார் ஒரு தடவை சிமெய் வளாகத்துக்குள் நடந்துவிட்டு வந்து பேசினால் நல்லது.

சரி, விருது சோறு போடாது. உங்கள் கணவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது, இந்த மாதம் எழுதிய எல்லாருக்கும் அதையேதான் சொல்லப்போகிறேன்: படிப்பு முடிகிற அன்றைக்குப் பிள்ளையின் கையில் என்ன இருக்கும்? சான்றிதழ் இருக்கும், அது எல்லாப் படிப்பிலும் உண்டு. அதற்கு மேல், அந்தப் படிப்பு இல்லாதவன் செய்யக்கூடாத வேலை என்று சட்டம் சொல்கிற வேலை ஏதாவது இருக்கிறதா? உரிமம், பதிவு, அல்லது குறைந்தபட்சம் படிக்கும்போதே பிள்ளையை எடுத்துக்கொண்டு சம்பளம் கொடுக்கிற ஒரு நிறுவனம்? தனியார் கல்லூரியின் விளம்பரக்காரரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். வணிக டிப்ளோமாவில் நல்ல பாடங்கள் இருக்கலாம், நான் மறுக்கவில்லை, ஆனால் அதே டிப்ளோமாவோடு அதே அலுவலக வேலைக்கு வரிசையில் நிற்பவர்கள் எத்தனை பேர் என்று யோசியுங்கள், அதற்கு முன்னால் கடன் தவணையும் தொடங்கிவிடும். குடிமக்கள் பிள்ளைகளுக்கு ஐடிஇ கட்டணம் ஆண்டுக்குச் சில நூறு வெள்ளிதான், பெரும்பகுதியை அரசாங்கம் ஏற்கிறது.

மின்துறைக்கு இந்தக் கேள்வியைப் போட்டால் பதில் தெளிவாக வருகிறது. எரிசக்திச் சந்தை ஆணையம் மின்பணியாளர் உரிமத்தை மூன்று படியாகக் கொடுக்கிறது. முதல் படி மின்பணியாளர், மின்சுமை 45 கேவிஏ வரையுள்ள இணைப்புகளில் வேலை செய்யலாம், அதாவது நம் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீடு, சின்னக் கடை, காப்பிக்கடை அளவு. அடுத்தது மின் தொழில்நுட்பர், அவர் 500 கேவிஏ வரையுள்ள இடங்களைப் பார்க்கலாம். அதற்கு மேலே மின்பொறியாளர். வீவக வீட்டில் வயரிங் மாற்றுவதை உரிமம் உள்ளவர்தான் செய்ய வேண்டும், யார் வேண்டுமானாலும் ஸ்குரூடிரைவரைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. குழாய் வேலைக்கும் இதே போலப் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் உரிமம் இருக்கிறது. படிப்பு மட்டும் போதாது, வேலை அனுபவமும் சேர்ந்தால்தான் உரிமம் வரும், அதனால் படிப்பு முடிந்த முதல் சில ஆண்டுகள் உரிமம் உள்ள ஒருவருக்குக் கீழே வேலை செய்வது முக்கியம். அந்த முதல் வேலையைச் சம்பளத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம், யாரிடம் கற்றுக்கொள்ளப் போகிறான் என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, பழைய கதையை வைத்து ஐடிஇயை எடைபோடாதீர்கள். முன்பு இரண்டு ஆண்டு நைட்டெக் என்ற அடிப்படைச் சான்றிதழ், அதில் நல்ல மதிப்பெண் எடுத்தால் அதற்கு மேல்படியான ஹையர் நைட்டெக் என்று இருந்ததை மாற்றி, 2022 முதல் படிப்படியாக நேரடியாக ஹையர் நைட்டெக் வரை போகும் மூன்றாண்டுப் படிப்பாக ஆக்கிவருகிறார்கள். இடையில் நின்றுபோகிற பிள்ளைகளுக்கு இது பெரிய விஷயம். பள்ளியிலும் அந்த ‘விரைவுநிலை, வழக்கநிலை’ பிரிவெல்லாம் 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்த பிள்ளைகளிலிருந்து இல்லை, 2027இல் ஒரே தேர்வு, ஒரே சான்றிதழ். உங்கள் இளைய மகளுக்கு நாத்தனார் வேறு ஏதாவது கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

மறைக்காமல் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தொடக்கச் சம்பளத்தில் ஐடிஇ முடித்தவருக்கும் பலதுறைத் தொழிற்கல்லூரி முடித்தவருக்கும் இடைவெளி இருக்கிறது, பல்கலைக்கழகம் முடித்தவரோடு ஒப்பிட்டால் இன்னும் பெரிய இடைவெளி. அரசாங்கமே அதை ஒப்புக்கொண்டுதான் சில திட்டங்களைக் கொண்டுவந்தது, அடுத்த கடிதத்தில் வருகிறது. வேலையும் சொகுசானதல்ல. பொய்க்கூரைக்கு மேலே தலையை விட்டுக்கொண்டு வியர்வையில் நனைந்து நிற்க வேண்டும், ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டடத்தில் மின்சாரம் போனால் கைப்பேசி அடிக்கும். உங்கள் மகனுக்கு அது பிடிக்குமா என்பதை அவனிடம் கேளுங்கள். கல்யாணப் பத்திரிகையில் என்ன போடுவது என்பதற்கு, ‘உரிமம் பெற்ற மின்பணியாளர்’ என்று போடலாம், மண்டபத்தில் மைக் நின்றுபோனால் மாப்பிள்ளையே இறங்கிப் பார்த்துவிடுவார்.

கேள்வி: எனக்கு 19 வயது. ஹையர் நைட்டெக் கடைசி ஆண்டு. நண்பர்கள் பாலிக்கு (பலதுறைத் தொழிற்கல்லூரி) போகிறார்கள். எனக்கு மறுபடியும் மூன்று வருடம் வகுப்பில் உட்காரப் பொறுமை இல்லை, கையில் காசும் வேண்டும். தேசிய சேவையும் (கட்டாயப் படைச் சேவை) வந்துவிட்டது. வேலைக்குப் போவதா, படிப்பதா? — பூன் லே இளைஞன்

பதில்: தம்பி, நீ இதை இரண்டு கதவாகப் பார்க்கிறாய், மூன்றாவதும் இருக்கிறது. ஐடிஇயே நடத்தும் வேலை-கல்வி டிப்ளோமா. ஒரு நிறுவனம் உன்னை வேலைக்கு எடுத்துக்கொள்ளும், பெரும்பகுதிப் பயிற்சி அங்கேயே நடக்கும், மீதி கல்லூரியில், சம்பளமும் வரும். 2018இல் சில துறைகளோடு தொடங்கியது, இப்போது பொறியியல், சில்லறை வணிகம், உணவு, சுகாதாரம் என்று பல துறைகளில் இருக்கிறது. வகுப்பில் உட்காரப் பிடிக்காதவனுக்கு ஏற்ற ஏற்பாடு, ஆனால் இரண்டரை மூன்று ஆண்டுகள் ஒரே நிறுவனத்தோடு கட்டுண்டு இருப்பாய், அதனால் அங்கே ஏற்கனவே வேலை பார்க்கும் நம் பையன் யாராவது இருந்தால் பிடித்து நாலு வார்த்தை விசாரித்துவிட்டுக் கையெழுத்துப் போடு.

பாலிக்கே போனாலும் மூன்று வருடம் என்று நீயாக முடிவு கட்டாதே. ஹையர் நைட்டெக்கில் நல்ல புள்ளி இருந்தால், படித்ததற்குத் தொடர்புள்ள சில டிப்ளோமாக்களில் நேராக இரண்டாம் ஆண்டில் சேர்த்துக்கொள்கிறார்கள். எந்தப் படிப்பு, எவ்வளவு புள்ளி என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். உன் வகுப்பு ஆசிரியரிடம் கேட்டால் சொல்வார், கேட்காமல் இருப்பதுதான் நம் பிள்ளைகளின் வழக்கம்.

காசு விஷயம். 2024 வரவுசெலவுத் திட்டத்தில் ஐடிஇ முன்னேற்ற விருது என்று ஒன்று அறிவித்தார்கள். நீ சிங்கப்பூர்க் குடிமகனாக, 30 வயதுக்குள் இருந்து, ஐடிஇ முடித்துவிட்டு டிப்ளோமாவில் சேர்ந்தால் உன் உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்கில் 5,000 வெள்ளி போடுவார்கள். டிப்ளோமாவை முடித்தால் மத்திய சேமநிதிச் சாதாரணக் கணக்கில் இன்னும் 10,000 வெள்ளி. கையில் எண்ணிப் பார்க்கிற காசு இல்லைதான், ஆனால் நாளைக்கு வீவக வீட்டுக்கு முன்பணம் கட்டும்போது அந்த 10,000 நிற்கும். 30 வயது வரை நேரம் இருக்கிறது என்பதைக் கவனி. தேசிய சேவை முடித்து, இரண்டு வருடம் வேலை பார்த்து, எது பிடிக்கிறது என்று தெரிந்துகொண்டு அப்புறம் சேர்ந்தாலும் உனக்கு இது உண்டு.

என் கருத்து கேட்டால், டிப்ளோமாவை இப்போதோ பிறகோ எடுத்துவிடு, வேலை-கல்வி வழியில் எடுத்தால் இன்னும் நல்லது. ஹையர் நைட்டெக்கோடு நின்றவன் பத்து வருடம் நன்றாக வேலை செய்தும் சூப்பர்வைசர் நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பதைப் பல தொழிற்கூடங்களில் பார்க்கலாம், உட்காரச் சொல்ல ஒரு தாள் குறைகிறது. அது நியாயமா என்று கேட்டால் இல்லை. ஆனால் நடப்பது அதுதான். தேசிய சேவையை ஒத்திவைக்க வயது வரம்பு இருக்கிறது, நண்பன் சொன்னான் என்று நம்பாமல் நேரில் விசாரித்துக்கொள்.

கேள்வி: எந்தத் தொழிற்படிப்பு படித்தால் உடனே மாதம் 5,000 வெள்ளி கிடைக்கும்? — செங்காங் வாசகர்

பதில்: அப்படிச் சொல்லி உங்களிடம் யாராவது வந்திருந்தால், அவர் எதை விற்க வந்தார் என்று எழுதுங்கள், அடுத்த மாதம் போடுகிறேன்.

கேள்வி: எனக்கு 47 வயது. இருபது ஆண்டுகளுக்கு மேல் கணக்குப் பிரிவில் எழுத்தராக இருந்தேன், போன வருடம் ஆட்குறைப்பு. நிறைய இடம் விண்ணப்பித்துவிட்டேன், நேர்காணலுக்குக்கூட அழைப்பதில்லை. நர்ஸ் வேலைக்குப் படிக்கலாமா, அல்லது கேக் செய்யும் வகுப்புக்குப் போய் வீட்டிலிருந்தே தொழில் தொடங்கலாமா என்று இரண்டு மனமாக இருக்கிறது. வயதானவர்களைப் பார்த்துக்கொள்வது எனக்குப் பிடிக்கும், என் மாமியாரை ஆறு வருடம் பார்த்துக்கொண்டேன். — உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: அக்கா, கடைசி வரியில் பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். படுத்த படுக்கையாக இருப்பவரைப் புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது எப்படி என்று இந்தத் துறைக்குப் புதிதாக வருகிற இளம்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. உங்களுக்கு அது வீட்டிலேயே தெரிந்த வேலை.

ஆனால் ‘நர்ஸ்’ என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு படி இருக்கிறது. ஐடிஇயில் தாதிமைப் படிப்பு முடித்தால் சிங்கப்பூர்த் தாதியர் வாரியத்தின் பட்டியலில் பெயர் ஏறும், அது ஒரு நிலை. டிப்ளோமா முடித்துப் பதிவுபெற்ற தாதியாவது அதற்கு அடுத்த நிலை. இரண்டுக்கும் வாரியத்தில் பெயர் இருந்தாக வேண்டும், அதுதான் உங்களுக்கு வேலைப் பாதுகாப்பு. இதெல்லாம் வேண்டாம், இப்போதே உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்றால் சுகாதாரப் பராமரிப்பு உதவியாளர் வேலையும் உண்டு, படிப்பு குறைவு, சம்பளமும் அதற்கேற்றபடி. வேறு துறையிலிருந்து வருபவர்களுக்கு வேலையில் அமர்த்திக்கொண்டே பயிற்சி தருகிற திட்டங்களும் இருக்கின்றன. முதலில் ஒரு முதியோர் பராமரிப்பு நிலையத்தில் தொண்டூழியராகக் கொஞ்ச நாள் போய் வாருங்கள், மாமியாரைப் பார்ப்பதும் நாற்பது பேரைப் பார்ப்பதும் ஒன்றல்ல. முறை மாற்றி வரும் இரவு வேலை உங்கள் உடம்புக்கு ஒத்துவருமா என்பதும் அங்கே தெரிந்துவிடும்.

பணத்துக்கு: 40 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்கு 2024 மே மாதம் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற அரசாங்கத் திறன்பயிற்சிக் கணக்கில் 4,000 வெள்ளி போட்டிருக்கிறார்கள். இதை எல்லா வகுப்புக்கும் செலவழிக்க முடியாது, வேலைக்கு உதவும் என்று தேர்ந்தெடுத்த படிப்புகளுக்கு மட்டும்தான், பொழுதுபோக்குக் கேக் வகுப்புக்கு இதைத் தொட முடியாது. தகுதியுள்ள முழுநேரப் படிப்பு என்றால் பயிற்சிப் படித்தொகையும் உண்டு. உங்கள் பழைய சம்பளத்தில் பாதி, மாதம் 3,000 வெள்ளிக்கு மேல் போகாது, வாழ்நாளில் மொத்தம் 24 மாதம் வரை. வீட்டுத் தவணை, பிள்ளைகள் படிப்பு என்று இருக்கிற 47 வயதுக்காரர் இந்தப் படித்தொகை இல்லாமல் முழுநேரம் படிக்கப் போவது நடக்காத காரியம், அதனால் எந்தப் படிப்புக்கு இது பொருந்தும் என்பதை முதலில் பார்த்துவிட்டுத்தான் விண்ணப்பம்.

“உங்கள் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் காசை ரொக்கமாக மாற்றித் தருகிறோம்” என்று வாட்ஸ்அப்பில் யாராவது வந்தால் உடனே தடை செய்துவிடுங்கள். 2017இல் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பயிற்சி மானியத்தின் பேரில் பொய்க் கணக்குக் காட்டி ஒரு கும்பல் சுமார் 40 மில்லியன் வெள்ளி எடுத்த கதையை மறந்துவிட வேண்டாம். சிங்பாஸ் (அரசாங்க இணையச் சேவைகளுக்கான அடையாளக் கணக்கு) விவரத்தைப் படிப்பு முகவர் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

கேக்? தீபாவளிக்குச் செய்யுங்கள், எனக்கும் ஒன்று அனுப்புங்கள். குடும்பத்தைத் தாங்க அதை நம்ப வேண்டாம்.

கேள்வி: அண்ணே, நான் புதுக்கோட்டைப் பக்கம். ஊரில் ஸ்கில் டெஸ்ட் அடித்துவிட்டு வந்து ஏழு வருடமாகக் கட்டுமானத்தில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காப் பக்கம் ஒரு டிப்ளோமா வகுப்பு இருக்கிறதாம், பல ஆயிரம் வெள்ளி கட்டினால் எஸ் பாஸ் (நடுத்தரத் திறனாளர் வேலை அனுமதி) கிடைக்கும் என்கிறார்கள். சேரலாமா? — துவாஸ் விடுதியிலிருந்து ஒரு தம்பி

பதில்: தம்பி, காசைக் கட்டுவதற்கு முன்னால் இதைப் படி. டிப்ளோமா தாள் எஸ் பாஸைக் கொண்டுவராது. உன் முதலாளி உனக்கு எஸ் பாஸ் விண்ணப்பிக்க வேண்டும், 2025 செப்டம்பரிலிருந்து புது விண்ணப்பத்துக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 3,300 வெள்ளி, வயது கூடக் கூட அந்தத் தொகையும் கூடும், கம்பெனிக்கு எத்தனை எஸ் பாஸ் என்ற ஒதுக்கீடும் இருக்கிறது. ‘இந்த டிப்ளோமா முடித்தால் எனக்கு எஸ் பாஸ் போடுவீர்களா’ என்று உன் முதலாளியிடமே கேள். அவர் இழுத்தால் காசு உன் பையிலேயே இருக்கட்டும். வகுப்பு நடத்துகிற எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை, பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர், மேற்பார்வையாளர் படிப்புகளை முடித்து மேலே போன நம் பையன்கள் நிறையவே இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குக் கம்பெனியில் அந்த இடம் முதலில் இருந்தது, படிப்பு அதற்குப் பின்னால் வந்தது.

உனக்கு அதைவிடப் பக்கத்தில் ஒரு படி இருக்கிறது, ஆர்1, அதாவது உயர்திறன் ஊழியர் நிலை. ஏழு வருடம் ஆகியும் இன்னும் அடிப்படைத் திறன் நிலையான ஆர்2வில் இருந்தால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 2024 ஜனவரியிலிருந்து இந்தியா போன்ற நாடுகளிலிருந்து வந்த கட்டுமான ஊழியருக்கு முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டும் லெவி (வெளிநாட்டு ஊழியர் தீர்வை) ஆர்2 என்றால் மாதம் 900 வெள்ளி, ஆர்1 என்றால் 500. நீ ஆர்1 ஆனால் அவருக்கு மாதம் 400 வெள்ளி மிச்சம். இதை வைத்துச் சம்பளம் பேசு, கும்பிட்டுக் கேட்க வேண்டியதில்லை. வழிகள் சில உண்டு: கட்டட, கட்டுமான ஆணையத்தின் கோர்டிரேட் என்ற திறன் பதிவு, ஒன்றுக்கு மேற்பட்ட வேலைகளில் திறன் தேர்வு எழுதுவது, அல்லது இங்கே ஆறு வருடக் கட்டுமான அனுபவத்தோடு நிலையான மாதச் சம்பளம் 1,600 வெள்ளி எட்டியிருப்பது. மூன்றாவது வழியில் புதிதாக எந்த வகுப்பும் இல்லை, சம்பளத்தை அந்த இடத்துக்கு உயர்த்த முதலாளி சம்மதித்தால் போதும், உயர்த்துகிற காசில் கொஞ்சமாவது லெவியில் அவருக்குத் திரும்பி வருகிறது.

லெவியை உன் சம்பளத்தில் பிடிப்பதாக யாராவது சொன்னால் அது சட்டப்படி குற்றம், மனிதவள அமைச்சில் புகார் செய்யலாம். வேலை அனுமதியில் இத்தனை வருடம்தான் இருக்கலாம் என்ற வரம்பை 2025 ஜூலையில் எடுத்துவிட்டார்கள் என்பதால் அவசரப்பட்டு எதிலும் காசைப் போட வேண்டிய நெருக்கடியும் உனக்கு இப்போது இல்லை.

கேள்வி: என் மகள் ஐடிஇயில் விமானப் பராமரிப்புப் படிக்க வேண்டும் என்கிறாள். பெண் பிள்ளை கிரீஸ் கையோடு நிற்பதா என்று எனக்குத் தயக்கம். — ஜூரோங் தந்தை

பதில்: ஐயா, தயக்கம் கிரீஸைப் பற்றியா, பெண்ணைப் பற்றியா? கிரீஸ் என்றால் கையுறை இருக்கிறது.

இந்தத் துறையில் கடைசியில் என்ன கிடைக்கும் என்பதற்கு நல்ல பதில் உண்டு. விமானம் பறக்கத் தகுதியானது என்று கையெழுத்துப் போடுபவருக்குச் சிங்கப்பூர்ச் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் உரிமம் வேண்டும். அதிலும் பிரிவுகள் உண்டு, பி1 என்றால் இயந்திரமும் உடல் அமைப்பும், பி2 என்றால் மின்னணுக் கருவிகள். ஐடிஇ முடித்த உடனே அந்த உரிமம் வராது, தாள் தாளாகத் தேர்வு எழுத வேண்டும், பல ஆண்டு அனுபவம் வேண்டும், இடையில் சலித்துப்போய் விட்டவர்களும் உண்டு. சாங்கி, சிலேத்தார் விமான நிலையங்கள் பக்கத்தில் இருப்பதால் வேலைக்கு ஊர்விட்டு ஊர் போக வேண்டியதில்லை, ஆனால் விமானங்கள் ராத்திரியில்தான் தரையில் நிற்கும், அதனால் இரவு முறை வேலை கட்டாயம் வரும். விடியற்காலை மகள் எப்படி வீடு திரும்புவாள் என்பதை யோசியுங்கள், அது நியாயமான கவலை.

அவள் இன்னும் பள்ளியில் இருந்தால் ஐடிஇயின் முன்கூட்டிய சேர்க்கையில் விண்ணப்பிக்கலாம், தேர்வு முடிவுக்கு முன்பே ஆர்வத்தையும் திறமையையும் பார்த்து இடம் கொடுக்கிற ஏற்பாடு அது. நேர்காணலில் “ஏன் இந்தப் படிப்பு” என்று கேட்பார்கள். அதற்குப் பதிலை நீங்கள் சொல்லிக்கொடுத்து அனுப்பாதீர்கள், அவளிடமே இருக்கிறதா என்று இந்த வாரம் சாப்பாட்டு மேசையில் கேட்டுப் பாருங்கள்.